மாதிரி விழுங்கல்

கண்ணாடிக்காரர் விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. கடையில் யாருக்கோ குளியலறைக் கண்ணாடி வெட்ட அளவு குறித்துக்கொண்டிருந்தவர், கையிலிருந்த அளவுகோலைக் கீழே போட்டார். பிறகு தானும் அதன் பக்கத்திலேயே சாய்ந்தார். பக்கவாதம் என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் ஐந்து வாரம் கிடந்ததில் முதலில் பேச்சு திரும்பியது, அப்புறம் வலது கை திரும்பியது. ஆனால் மூக்கு வழியாக வயிற்றுக்கு இறக்கியிருந்த குழாய் மட்டும் இறக்கிய இடத்திலேயே இருந்தது.

நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் அவர் மனைவி ஒரு பெரிய சிரிஞ்சில் சத்துக் கரைசலை எடுத்து அந்தக் குழாயில் ஊற்றுவாள். அதுதான் காலைச் சாப்பாடு, அதுதான் மதியம், அதுதான் ராத்திரி. நாக்குக்கு அதில் எந்தப் பங்கும் கிடையாது. பத்து கிலோ இளைத்துவிட்டார். மூக்கு ஓரம் புண்ணாகி, பிளாஸ்திரி ஒட்டிய கன்னம் அரித்துக்கொண்டே இருந்தது. பக்கத்துப் படுக்கைக்காரர் ரொட்டியைப் பிய்த்து டீயில் நனைக்கும்போது இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

வார்டு டாக்டர் வளவளவென்று பேசாத மனுஷி. "எனக்கென்னவோ நீங்க நல்லா விழுங்குவீங்கன்னுதான் தோணுது. ஆனா தோணுறதை நம்பி குழாயை எடுக்க முடியாது. குடிக்கிற தண்ணி வயித்துக்குப் போகுதா, தப்பி மூச்சுக்குழாய்க்குள்ள போகுதான்னு எக்ஸ்ரே வீடியோ ஒண்ணு எடுத்துப் பாக்கணும். அஞ்சு நிமிஷ வேலை."

"எடுத்துடலாமே டாக்டர்."

"மிஷின் இங்க இல்லைங்க. விழுங்கல் ஆராய்ச்சி நிலையத்துல இருக்கு." இதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகத்தில் ஒரு வருத்தம் வந்து போனது. "பொறுமையாப் போயிட்டு வாங்க" என்றாள்.

நிலையம் ஏழு மாடி. முகப்பு முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிக்காரர் உள்ளே போகும்போதே அண்ணாந்து பார்த்து, "மூணாவது வரிசை நாலாவது பலகை சரியா உக்காரலை. அடுத்த பெரிய காத்துக்குக் கீழ வந்துடும்" என்றார். "வந்த வேலையைப் பாருங்க" என்று மனைவி கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

முன்மேசையில் பதினோரு பக்கப் படிவம் கொடுத்தார்கள். பெயர், வயது எல்லாம் கடைசிப் பக்கத்தில்தான். முதல் கேள்வி: நீங்கள் கடைசியாக விழுங்கியது எப்போது?

"இப்பத்தான், உள்ள வரும்போது. எச்சில்" என்றார் கண்ணாடிக்காரர்.

முன்மேசைக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். "நிலையத்துக்குள்ள வந்த பிறகா?"

"ஆமாங்க."

"யார் அனுமதி கொடுத்தது?"

பழக்கதோஷம் என்றார் கண்ணாடிக்காரர். முன்மேசைக்காரர் நல்லவர், முதல் தடவை என்பதால் விட்டுவிட்டார். நிலைய வளாகத்துக்குள் பதிவாகாமல் நடக்கும் ஒவ்வொரு விழுங்கலும் விஞ்ஞானத்துக்கு நஷ்டம் என்று விளக்கிவிட்டு, ஆளுக்கு ஒரு காகிதக் கோப்பையை நீட்டினார். எச்சில் ஊறினால் அதில் துப்ப வேண்டும். கூட வந்தவர்களுக்கும் இதே விதிதான் என்று மனைவிக்கும் ஒன்று கிடைத்தது.

காத்திருக்கும் கூடத்தில் ஏறக்குறைய நாற்பது பேர் கோப்பையும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். சுவரில், 'விழுங்காதீர். உங்கள் முறை வரும்' என்று எழுதியிருந்தது. பக்கத்து நாற்காலியில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். அவருக்கும் மூக்கில் குழாய். எட்டு மாதமாக வருகிறாராம். அங்கே எல்லாரும் அவரை எட்டு மாசம் என்றே கூப்பிட்டார்கள்.

"எட்டு மாசமா இன்னும் படம் எடுக்கலையா?" என்று கேட்டாள் மனைவி.

"எடுக்காம என்ன, பத்தொன்பது தடவை எடுத்தாச்சு" என்றார் எட்டு மாசம். அவர் குரலில் பெருமை இருந்தது. "இன்னும் ரெண்டே ரெண்டு கட்டம்தான். சும்மா சொல்லக்கூடாது, ரொம்ப நுணுக்கமாப் பாக்குறாங்க."

கண்ணாடிக்காரரின் முறை நாலாவது நாள் வந்தது. படம் எடுக்கும் அறை சின்னது, குளிர்ந்தது. ஈயக் கவசம் போட்ட டெக்னீஷியன் பெண் அவரை ஒரு நாற்காலியில் பக்கவாட்டாக உட்காரவைத்தாள். கழுத்துக்கு ஒரு பக்கம் எக்ஸ்ரே குழல், மறுபக்கம் தட்டு. திரையில் அவருடைய தாடை எலும்பும் கழுத்து எலும்பும் சாம்பல் நிறத்தில் தெரிந்தன. தன் மண்டையோடு இவ்வளவு சிறியது என்று அவர் அதுவரை நினைத்ததில்லை.

"இது பேரியம், ஐயா. சுண்ணாம்புத் தண்ணி மாதிரி இருக்கும், ஆனா ஒண்ணும் செய்யாது. எக்ஸ்ரேல கறுப்பாத் தெரியும், போற வழி பூரா தெரிஞ்சுடும்" என்று ஒரு கரண்டியை அவர் வாயில் விட்டாள் அந்தப் பெண்.

நாற்பத்தோரு நாளுக்குப் பிறகு அவர் நாக்கில் ஏதோ ஒன்று பட்டது. அது சுண்ணாம்பாக இருந்தால் என்ன, சிமென்டாக இருந்தால் என்ன. தொண்டை யாரையும் கேட்கவில்லை. கடகடவென்று இறக்கிவிட்டது.

"அருமை!" என்றாள் டெக்னீஷியன், தன்னை மறந்து.

"நிறுத்து!" என்றது சுவரில் இருந்த ஒலிபெருக்கி.

கதவைத் திறந்துகொண்டு துணை இயக்குநர் வந்தார். கழுத்தில் மூன்று அடையாள அட்டைகள். "பெரியவரே, விழுங்கச் சொல்லி யார் சொன்னா?"

கண்ணாடிக்காரருக்கு ஐம்பத்து நாலு வயது. துணை இயக்குநருக்கும் அதற்குக் குறைவிருக்காது. "வாயில ஊத்துனாங்க..." என்று இழுத்தார்.

"ஊத்துறது ஒரு கட்டம். வாயில வெச்சிருக்கிறது ஒரு கட்டம். அப்புறம் நான் மைக்குல 'விழுங்குக'ன்னு சொல்லணும். அதுக்கப்புறம்தான் விழுங்கணும். இப்ப நீங்க விழுங்கினது உத்தரவுக்கு முந்திய விழுங்கல். செல்லாது." பிறகு கொஞ்சம் இறங்கிவந்து, தன் வாழ்நாள் சிந்தனையைப் பகிர்ந்துகொண்டார். "பாருங்க, விழுங்குறது பெரிய விஷயமே இல்லை. ஆடு விழுங்குது, மாடு விழுங்குது. பொறந்து ஒரு நாள் ஆன குழந்தை விழுங்குது. அதையெல்லாம் படிக்கிறதுக்கா ஏழு மாடி கட்டியிருக்கோம்? சொன்னா விழுங்கணும். அதுதான் ஆராய்ச்சி."

"ஆனா சார், படம் தெளிவா வந்திருக்கு. ஒரு சொட்டுகூட தப்பலை" என்றாள் டெக்னீஷியன்.

"படம் வந்திருக்கும்மா. முறை வரலையே" என்றார் துணை இயக்குநர். அவளிடம் பேசும்போது அவர் எப்போதும் இப்படிச் சலித்துக்கொண்டுதான் பேசுவார். படித்த பெண், வேலை தெரிந்த பெண். அவளுக்கு மேலே வர வாய்ப்பே இல்லை என்று அவர் எல்லாரிடமும் வருத்தத்தோடு சொல்லுவார்.

அடுத்த முறை மூன்று வாரம் கழித்துக் கிடைத்தது. அதற்கும் ஒரு தடங்கல் வந்தது. அன்றைக்கு நிலையத்தின் ஆண்டு விழா, இயந்திரத்துக்கு விடுமுறை. ஆனாலும் வந்த நோயாளிகளைத் திருப்பி அனுப்பவில்லை. மேல்மாடி அரங்கில் பின்வரிசை நாற்காலிகள் காலியாக இருந்ததால் எல்லாரையும் அங்கே கொண்டுபோய் உட்காரவைத்தார்கள்.

இயக்குநரை அன்றுதான் கண்ணாடிக்காரர் முதல்முதலாகப் பார்த்தார். உருண்டையான, பளபளப்பான மனிதர். மைக்கைப் பிடித்ததும் ஒன்றரை மணி நேரம் விடவில்லை.

"பன்னிரண்டு வருஷமா நாம இருபதாயிரம் விழுங்கலைப் படம் எடுத்திருக்கோம்" என்றார். "இதுல குணமானவங்க எத்தனை பேர்னு சில பேர் கேக்குறாங்க. குணமாக்குறதுக்கு ஆஸ்பத்திரி இருக்கு. நாம ஆராய்ச்சி நிலையம். ஒருத்தர் குணமாயிட்டா என்ன ஆகும்? வீட்டுக்குப் போயிடுவார். அவரோட சேர்ந்து நம்ம தரவும் வீட்டுக்குப் போயிடும்!"

முன்வரிசையில் கைதட்டல். பின்வரிசையில் கோப்பையைப் பிடித்திருந்ததால் யாராலும் தட்ட முடியவில்லை.

"ஆனா ஒரு குறை இருந்துச்சு. எல்லாரோட விழுங்கலும் தப்பா சரியான்னு சொல்ல, சரியான விழுங்கல்னு ஒண்ணு நம்மகிட்ட இல்லை. சாதாரண ஜனங்களைக் கூட்டிவந்து எடுக்கலாம்னாங்க. கண்ட கண்ட ஆளோட தொண்டையையா இந்த நிலையத்துக்கு அளவுகோலா வைக்கிறது? அதனால, பொறுப்பை நானே ஏத்துக்கிட்டேன்."

மேடையிலேயே எக்ஸ்ரே பொருத்தியிருந்தார்கள். இயந்திரத்துக்கு ஏன் விடுமுறை என்று பின்வரிசைக்கு அப்போதுதான் புரிந்தது. இயக்குநர் பக்கவாட்டாக உட்கார்ந்தார். பின்னால் சுவரளவு திரையில் அவருடைய கழுத்து ஒரு பாலத் தூண் போல எழுந்தது. வெள்ளிக் கரண்டியில் பேரியம் வந்தது. துணை இயக்குநர் எழுந்து நின்று, தழுதழுத்த குரலில், "விழுங்குக" என்றார்.

இயக்குநர் விழுங்கினார்.

கறுப்புத் திரவம் நாக்கைத் தாண்டியது, தொண்டை முனைக்கு வந்தது, ஒரு கணம் யோசித்தது. பிறகு பாதி பின்பக்கம் உணவுக்குழாயில் இறங்க, மீதிப் பாதி முன்பக்கம் திரும்பி, மூச்சுக்குழாய்க்குள் ஒரு நூல் போல இறங்கியது. சின்னக் குழந்தைக்கும் தெரியும்படி, சுவரளவுக்குத் தெரிந்தது. இயக்குநர் இருமினார். இன்னொரு முறை இருமினார். அப்புறம் முகம் கத்திரிப்பூ நிறத்துக்குப் போய், மேசையைப் பிடித்துக்கொண்டு நிறுத்தாமல் இருமினார்.

கண்ணாடிக்காரர் மனைவியிடம் குனிந்து, "இந்த ஆளுக்குத்தான் முதல்ல குழாய் போடணும்" என்றார்.

துணை இயக்குநர் கைதட்ட ஆரம்பித்தார். முதலில் தனியாகத் தட்டினார். பிறகு முன்வரிசை மொத்தமும் எழுந்து நின்று தட்டியது. முன்வரிசையில் தட்டாமல் நின்றது டெக்னீஷியன் பெண் மட்டும்தான். அவள் மெதுவாக மேடையோரம் போய், "சார், நுரையீரலுக்குப் போயிருக்கு. உடனே டாக்டர்கிட்ட காட்டணும்" என்றது பின்வரிசைக்கே கேட்டது.

"நானே டாக்டர்" என்றார் இயக்குநர், இருமலுக்கு நடுவே.

அடுத்த வாரம் நிலையமெங்கும் அந்தப் படம் சட்டம் போட்டு மாட்டப்பட்டது. மாதிரி விழுங்கல் என்று கீழே தங்க எழுத்து. முறையான விழுங்கல் இரண்டு பாதையில் இறங்க வேண்டும், ஐந்து முதல் ஏழு இருமல் வரை தொடர வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது.

கண்ணாடிக்காரர் தம் முறைக்கு வந்தார், வாயில் வாங்கினார், உத்தரவு வரும்வரை வைத்திருந்தார், 'விழுங்குக' என்றதும் விழுங்கினார். சுத்தமாக இறங்கியது. துணை இயக்குநர் படத்தை மூன்று தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஒரே பாதைதான் வேலை செய்யுது. இருமலே இல்லை. கடுமையான குறைபாடு."

மனைவி அதுவரை யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. "நல்லா விழுங்குற மனுஷனை எதுக்குங்க இரும வைக்கணும்?"

"அம்மா, நல்லா விழுங்குறாருன்னு நீங்க எதை வெச்சு சொல்றீங்க? உங்ககிட்ட மாதிரி விழுங்கல் ஏதாவது இருக்கா?"

"முப்பது வருஷமா இவருக்குச் சோறு போடுறவ நான்."

"அது சோறு" என்றார் துணை இயக்குநர் பரிவோடு. "இது விஞ்ஞானம்."

ஆறு வார இருமல் பயிற்சி எழுதிக் கொடுத்தார்கள். இரண்டாம் மாடியில் பெரிய கூடம். இருபது நோயாளிகள் வட்டமாக நின்று, பயிற்சியாளர் கையை உயர்த்தும்போது இரும வேண்டும். எட்டு மாசம் அங்கே வகுப்புத் தலைவராகிவிட்டார். அவருக்கு இயற்கையிலேயே அந்த வரம் இருந்தது. கண்ணாடிக்காரரால் முடியவில்லை. அவர் இருமினால் தும்மல் மாதிரி வந்தது. பயிற்சியாளர் அவரைத் தனியே நிறுத்தி, "மனசு வெச்சு இருமுங்க" என்றார்.

வீட்டில் எடைபார்க்கும் இயந்திரம் கிடையாது, தேவையும் இருக்கவில்லை. கைக்கடிகாரம் முழங்கை வரை ஏறியது. அவர் கடையில் போய் உட்கார்ந்தாலும் கண்ணாடியைத் தூக்கத் தெம்பில்லை. ஒரு மாலை மனைவி சிரிஞ்சை நிரப்பிக்கொண்டு வந்தபோது அவர் குழாயைக் கையால் மூடிக்கொண்டார். "போதும்மா. இதுல ஊத்தி ஊத்தி நீயும் பாதியாயிட்டே. நாளைக்கு அந்தாளு முன்னாடி இருமிக் காட்டிடுறேன். ஏழு என்ன, எழுபது இருமுறேன்."

"இருமுங்க. எப்படியாவது இதைக் கழட்டினாப் போதும்" என்றாள் அவள். சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

மறுநாள் இறுதித் தேர்வு. குழு முழுக்க வந்திருந்தது. இயக்குநர் மட்டும் வரவில்லை, லேசான காய்ச்சலாம். கண்ணாடிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். டெக்னீஷியன் கரண்டியை நீட்டும்போது குரலைத் தணித்து, "இருமிடுங்க ஐயா, அவ்வளவுதான் கேக்குறாங்க" என்றாள்.

'விழுங்குக' என்றார் துணை இயக்குநர். கண்ணாடிக்காரர் விழுங்கினார்.

எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் வாயைத் திறந்தார். எதிர்ச் சுவரில் சட்டத்துக்குள் இயக்குநரின் தொண்டை தெரிந்தது. முப்பது வருஷம் அளவெடுத்து வெட்டிய மனிதர் அவர். ஒரு நூல் கூடினாலும் குறைந்தாலும் சட்டத்தில் உட்காராது என்று ஆயிரம் பேரிடம் சண்டை போட்டவர். வந்த இருமல் நெஞ்சிலேயே நின்றுவிட்டது.

"வரலைங்க" என்றார்.

"முயற்சி பண்ணுங்க பெரியவரே" என்றார் துணை இயக்குநர். பிறகு கிட்டே வந்து, குழுவுக்குக் கேட்காதபடி, "ஒண்ணே ஒண்ணு. அஞ்சுன்னு நான் எழுதிக்கிறேன். உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் மரியாதை."

கண்ணாடிக்காரர் அவரைப் பார்க்கவில்லை. "ஏம்மா, நீ சொல்லு. அந்தப் படத்துல என்ன தெரியுது?" என்றார் டெக்னீஷியனிடம்.

அவள் குழுவைப் பார்த்தாள். "ரொம்ப நல்லா விழுங்குறீங்க ஐயா. முதல் நாள்லேர்ந்தே நல்லாத்தான் விழுங்குறீங்க. அந்தக் குழாய் உங்களுக்கு வேண்டியதே இல்லை" என்றாள். "சுவர்ல இருக்கிறதுதான் நோயாளியோட படம்."

சொல்லிக்கொண்டே படத்தை ஒரு சிடியில் பதிவுசெய்து, உறையில் போட்டு, மேலே கையெழுத்திட்டு, கதவோரம் நின்ற மனைவியின் கையில் கொடுத்துவிட்டாள்.

"உன் கையெழுத்துக்கு இங்க என்ன மதிப்பு?" என்று கத்தினார் துணை இயக்குநர்.

"இங்க இல்லை சார்" என்றாள் அவள்.

பெரிய ஆஸ்பத்திரி வார்டு டாக்டர் படத்தை ஓட்டிப் பார்த்தாள். மொத்தம் இரண்டு நிமிஷம். கையுறை போட்டுக்கொண்டு, பிளாஸ்திரியை உரித்து, "மூச்சைப் பிடிச்சுக்கங்க" என்று குழாயை ஒரே இழுப்பில் எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள். பிறகு தானே ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்துவந்து கொடுத்தாள்.

கண்ணாடிக்காரர் வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். டாக்டருக்குப் பயம் வந்துவிட்டது. "என்ன ஆச்சு? விழுங்க முடியலையா?"

அவர் மனைவிக்குத்தான் புரிந்தது. அவள் அவர் தோளைத் தொட்டு, "விழுங்குங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றாள். அவர் விழுங்கினார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பிறகு டம்ளரைக் காலிசெய்துவிட்டு இன்னொன்று கேட்டார்.

மூன்று வாரம் கழித்து மறுபரிசோதனைக்கு அதே வார்டுக்குப் போனார்கள். கண்ணாடிக்காரரின் பழைய படுக்கையில் இயக்குநர் படுத்திருந்தார். பளபளப்பு போய்விட்டது. நுரையீரலில் சளி கட்டி, காய்ச்சல் முற்றி, மூச்சுத் திணறி வந்தவரை வார்டு டாக்டர்தான் பிழைக்கவைத்து மூக்கில் குழாய் போட்டிருந்தாள். தலைமாட்டில் துணை இயக்குநர் கோப்போடு நின்றார்.

மனைவிக்கு மனசு கேட்கவில்லை. "எப்படி இருக்கீங்க சார்? சீக்கிரம் சரியாயிடும்" என்றாள்.

இயக்குநர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சரியாகுறதுக்கு எனக்கு என்னம்மா கோளாறு? நான்தான் மாதிரி. என் உடம்பு இப்ப குழாய் வழியாச் சாப்பிடுதுன்னா, மனுஷன் சாப்பிடவேண்டிய முறை அதுதான்னு அர்த்தம். இத்தனை நாள் விஞ்ஞானம் அதைக் கவனிக்கலை."

துணை இயக்குநர் அதை உடனே எழுதிக்கொண்டார்.

அந்த டெக்னீஷியன் பெண் அதே ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டு, போகிற வழியில் எக்ஸ்ரே அறையில் எட்டிப் பார்த்தார்கள். யாருக்கோ முழங்கால் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். இயக்குநர் சொன்னதை மனைவி சொன்னதும் அவள் சிரிக்கவில்லை. "எட்டு மாசத்தை எப்படியாவது இங்க கூட்டிட்டு வந்துடுங்கம்மா. அவரும் முதல் நாள்லேர்ந்தே நல்லாத்தான் விழுங்கிட்டிருந்தார்" என்றாள்.

கண்ணாடிக்காரர் அன்று மாலையே தபால்காரர் வீட்டைத் தேடிப் போனார். அவர் வர மறுத்துவிட்டார். இருமல் பயிற்சிக்கு அவரை இப்போது உதவிப் பயிற்சியாளராக வைத்திருக்கிறார்களாம். "இந்த நேரத்துல குழாயைக் கழட்டினா நல்லா இருக்காதுங்க" என்றார்.

அடுத்த மாதம் கடைக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. கண்ணாடிக்காரர் மனைவி கொண்டுவந்த சாப்பாட்டை முடித்துவிட்டுக் கைகழுவி வந்து பிரித்தார். தடித்த தாள், மேலே ஏழு மாடியின் முத்திரை.

'தங்கள் மூக்கில் குழாய் இல்லாதது நிலையத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. திருத்தப்பட்ட மாதிரியின்படி இது குறைபாடாகும். தாங்கள் தொடர்ந்து வாய் வழியாகவே உண்டு வருவதாகவும் தெரியவருகிறது. இக்கடிதம் கண்ட ஏழு நாளுக்குள் நேரில் வந்து குழாய் பொருத்திக்கொள்ளவும். அதுவரை விழுங்குவதை நிறுத்திவைக்கவும்.'

"என்னவாம்?" என்றாள் மனைவி, பாத்திரங்களை அடுக்கிக்கொண்டே.

"விழுங்கக்கூடாதாம்."

அவர் தாளை விரலால் தேய்த்துப் பார்த்தார். வழவழப்பாக, கனமாக, சுருக்கமில்லாமல் இருந்தது. மேசையில் புதிதாக வெட்டிய இரண்டு கண்ணாடிப் பலகைகள் அனுப்பத் தயாராக இருந்தன. கீறல் விழாமலிருக்க நடுவில் எதையாவது வைத்தாக வேண்டும். கடிதத்தை அவற்றுக்கு நடுவே பரப்பி, மேல் பலகையை மெதுவாக இறக்கினார்.

"ஒண்ணு போதாது. இன்னும் நாலஞ்சு அனுப்புவாங்க, பாரு" என்றார்.